தசையை இயக்கும் தனிமம்

காய்ச்சலின்போது உடல் வலிப்பதும் சோர்வதும் இயல்பு. ஆனால், டெங்கு போன்ற வைரஸ் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒருவர் காலையில் எழ முயல்கிறார், கால்கள் அசையவில்லை. தொட்டால் உணர்ச்சி உண்டு; நினைவும் தெளிவாக உள்ளது. இது வெறும் சோர்வன்று. குருதியில் பொட்டாசியம் குறைந்திருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். டெங்கு நோயாளிகள் சிலரிடம் இந்நிலையை இந்திய மருத்துவர்கள் கண்டறிந்துள்ளனர்.

பொட்டாசியம் ஓர் உலோகத் தனிமம். 1807ஆம் ஆண்டு ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கிலேய அறிவியலறிஞர் இதனைப் பிரித்தெடுத்தார். நம் உடலிலுள்ள பொட்டாசியத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 98 பங்கு செல்களுக்குள் இருக்கிறது. வெளியே இருப்பது மிகச் சிறு பங்கே. குருதி நீர்மத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருத்தல் இயல்பான அளவு. உள்ளும் புறமும் உள்ள இவ்வேறுபாட்டினால்தான் நரம்பும் தசையும் மின்குறிப்புகளை ஏற்று இயங்குகின்றன. வெளியே உள்ள அளவு மிகவும் குறைந்துவிட்டால், மூளையின் கட்டளை வந்தும் தசை சுருங்காது.

நோயாளி சரிவர உண்பதில்லை. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் பொட்டாசியம் வெளியேறுகிறது. நோயின் கடுமையால் சுரக்கும் அட்ரினலின், குருதியிலுள்ளதையும் செல்களுக்குள் தள்ளுகிறது.

மூச்சுத் தசைகள் தளர்ந்தாலோ இதயத் துடிப்பு தடுமாறினாலோ உயிருக்கே ஆபத்து. எனவே உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குருதிச் சோதனையில் குறைபாடு தெரிந்ததும் தக்க அளவில் பொட்டாசியம் தருவார்கள். பெரும்பாலோர் சில நாள்களில் எழுந்து நடப்பர். பொட்டாசியம் மிகுந்தாலும் இதயம் நின்றுவிடக்கூடும். ஆதலால் நாமாக மருந்து உண்ணலாகாது.

வீட்டுப் பெரியவர்களுக்கு அவ்வூர் மொழி தெரியாதபோது, மருத்துவரிடம் நீங்களே பேச நேரலாம். அப்போது 'அசதி' என்று பொதுவாகக் கூறாதீர்கள். 'காலைத் தூக்க முடியவில்லை. நேற்றுவரை நடந்தார்' என்று தெளிவாகக் கூறுங்கள். அச்சொற்கள் ஓர் உயிரைக் காக்கலாம்.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
அசதி – களைப்பு
உண்ணலாகாது – உண்ணக் கூடாது

விடை எழுதுக
1. காய்ச்சலின்போது பொட்டாசியம் குறைவதற்குரிய காரணங்கள் யாவை?
2. 'அசதி', 'தசைத் தளர்ச்சி' – வேறுபாடு கூறுக.
3. இப்பாடச் செய்தியை உம் வீட்டாருக்குத் தமிழில் எடுத்துரைக்க.