கடை வீட்டுப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை நம் ஜி.எஸ்.டி. சாலையில் (வரி வருவதற்கு வெகுகாலம் முன்பே சாலைக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது) மளிகைக் கடைகளுக்குச் சமமாக ஆஸ்பத்திரிகள் பெருகிவிட்டன. 1928-ல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1965-ல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று குரோம்பேட்டையிலும் காட்டாங்குளத்தூரிலும் பெரிய தனியார் மருத்துவமனைகள் நிற்கின்றன. இடையிலுள்ள சிறு நர்சிங் ஹோம்களுக்குக் கணக்கே இல்லை.

இவற்றில் டாக்டரும் நர்சும் மட்டும் வேலை பார்ப்பதில்லை. மருந்து கொள்முதல், ஸ்டோர், பில் போடுதல், காப்பீட்டுக்கு முன் அனுமதி வாங்குதல், கழிவுகளை நிறம் பிரித்து அனுப்புதல் என்று பின்கட்டில் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டம் 2009-லும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் 2018-லும் வந்த பிறகு காகித வேலை பலமடங்காகிவிட்டது. ஒரு தாள் குறைந்தால் பணம் வராது. அதனால்தான் ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தவர்களைத் தேடுகிறார்கள்.

நம் உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணாச்சி, பையன் பி.காம். முடித்துவிட்டான். கல்லாவில் உட்கார மாட்டேன் என்கிறான். ஆன்லைனில் எம்.பி.ஏ. ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட் படிக்கிறேன் என்கிறான். பணம் கட்டலாமா?"

என் தம்பி மகள் இப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். பகலில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் பதிவு செய்த பாடங்களைக் கேட்கிறாள். பரீட்சை நாளில் காமிரா முன்னால் அசையாமல் உட்கார்ந்து எழுதுகிறாள். அவள் பாடத்தை எடுத்துப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாற்பது வருடமாக நம் கிடங்கில் செய்வதற்கு அங்கே ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஸ்டோர் பாடத்தில் ஏ.பி.சி. என்று ஒரு கணக்கு. இருப்பில் சில சரக்குகளே பெரும்பகுதி முதலை முடக்கும், அவை 'ஏ'. நம் கடையில் எண்ணெய், அரிசி, பருப்பு, சர்க்கரை. இவற்றைத் தினமும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீப்பெட்டியும் ஊதுபத்தியும் 'சி'. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அடுத்தது வி.இ.டி. இல்லாமல் முடியாதது, அவசியமானது, இருந்தால் நல்லது என்று மூன்று வகை. உப்பு ரூபாய்க் கணக்கில் கடைசி வரிசைச் சரக்கு. ஆனால் 'உப்பு இல்லை' என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆஸ்பத்திரியில் அந்த உப்பின் இடத்தில் உயிர்காக்கும் ஊசி மருந்து இருக்கிறது. அங்கே 'இல்லை' என்றால் போவது வாடிக்கை மட்டுமல்ல. அதனால் விலை குறைந்த மருந்தானாலும் ஒருநாளும் தீரவிடக்கூடாது. காலாவதி முந்தியது முதலில் வெளியே போகவேண்டும் என்பதும் நாம் பிஸ்கட் அடுக்கும் முறைதான்.

மருந்தைச் சரக்காகப் பாவித்து நடத்திக் காட்டியதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல சாட்சி உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளுக்காக 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, 1995 ஜனவரியில் வேலையைத் தொடங்கியது. கண்ட கண்ட பிராண்டுகளை வாங்காமல், அவசிய மருந்துப் பட்டியல் ஒன்றை வைத்து, மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கினார்கள். மாவட்டங்களில் கிடங்கு கட்டினார்கள். ஒவ்வொரு தொகுதிச் சரக்கையும் பரிசோதனைக்கு அனுப்பித் தேறிய பிறகே வெளியே விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பாஸ்புக் முறை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு தொகை என்று புத்தகத்தில் வரவு வைப்பார்கள். வேண்டிய மருந்தைக் கிடங்கில் எடுத்துக்கொள்ள, அதன் விலை பற்றில் ஏறும். நம் கணக்கு நோட்டேதான்! கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு அந்நியமில்லை. ஆனால் பணம் கட்டும் முன் சரக்கைப் பிரித்துப் பார்த்து வாங்குவதுபோல் பார்க்கவேண்டும். தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அது ஒரு சிறு கடையின் சரக்கு முதல்.

ஆன்லைன் பட்டங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் விதிகள் வெளியிட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் தரும் ஆன்லைன் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலும் அறிவித்தது. அங்கீகாரம் உண்டா என்பதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் வெளியிடும் பட்டியலில்தான் பார்க்கவேண்டும், விளம்பரத்தில் அல்ல. பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பருவத்துக்கு அந்தப் படிப்பும் பட்டியலில் இருக்கவேண்டும். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். ஆன்லைன் எம்.பி.ஏ. நடத்துகிறது, பக்கத்திலேயே இருப்பதால் நேரில் போய் எந்தெந்தச் சிறப்புப் பாடம் உண்டு என்று கேட்டுவிடலாம். உளவியல், ஊட்டச்சத்து அறிவியல் போன்ற சில மருத்துவம் சார்ந்த படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாதென்று மானியக் குழு நிறுத்திவிட்டது. ஆகவே போன வருடம் அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்தான் என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சில மாதங்களுக்கு முன் நம் பஜாரில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்துப் போனார். மூன்று வருடப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரே வருடத்தில் எம்.பி.ஏ., பரீட்சையை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அப்படிப்பட்டவருக்கு இரண்டு வருடம் இல்லாமல் ஆன்லைன் எம்.பி.ஏ. கிடையாது. பட்டப்படிப்பை ஏஜென்சி எடுத்து நடத்தவும் விதிகளில் இடமில்லை. ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் வராவிட்டால் பணத்தைக் கல்லாவிலேயே வைத்திருங்கள்.

இன்னொரு தப்பெண்ணமும் நிலவுகிறது. இந்தப் பட்டம் வாங்கினால் மெடிக்கல் ஷாப் வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சில்லறை மருந்துக்கடைக்குப் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் வேண்டும், பார்மசி படிப்பை ஆன்லைனில் முடிக்க முடியாது. மொத்த மருந்து வியாபார லைசென்சுக்கு விதி வேறு: பார்மசிஸ்ட் இல்லாவிட்டாலும், பட்டதாரியாகவும் மருந்து வியாபாரத்தில் ஓராண்டு அனுபவம் உள்ளவராகவும் ஒருவர் இருந்தால் ஏற்பது மருந்து விதிகளில் உள்ள வழி. அதற்கு எந்தப் பட்டமும் போதும், எம்.பி.ஏ.வுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. விண்ணப்பிக்கும் முன் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளவும்.

என் அபிப்பிராயம், வேலை முதலில், பட்டம் பிறகு. பிள்ளையை ஆறு மாதமாவது ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரிலோ பில்லிங்கிலோ நிற்கவிடுங்கள். இரவு டியூட்டியும், அழுதுகொண்டு பில்லைப் பார்க்கும் உறவினரும் பழகிய பிறகும் படிக்கிறேன் என்றால் தயங்காமல் சேர்த்துவிடலாம். அந்த ஆறு மாதத்தில் மத்திய அரசின் 'ஸ்வயம்' தளத்தில் நிர்வாகப் பாடம் ஒன்றை இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் பரீட்சைக் கட்டணம். இரவில் உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

சேர்க்கை வருடத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும் பருவங்களுக்கு நடக்கிறது. 2024 செப்டம்பர் முதல் மாணவர் ஒவ்வொருவரும் பணியகத்தின் தளத்தில் 'டெப் ஐ.டி.' என்ற அடையாள எண் வாங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. எண் எடுக்கவேண்டும். ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துத் திருத்தி வையுங்கள்.