மணலில் நடந்தால் ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனைக்கும் கல்முனைக்கும் நடுவே கிடக்கிறது பாண்டிருப்புக் கடற்கரை. உடம்பைப் பேண நினைப்பவருக்கு, ஜிம்முக்குக் கட்டும் காசு இல்லாமலே அது நல்ல வேலை தரும்.

கெட்டித் தரையில் நடக்கும்போது உடல் ஊஞ்சல்போல் ஏறி இறங்கும். ஓர் அடியில் செலவான ஆற்றலில் பெரும்பங்கு அடுத்த அடிக்கு உதவும். மணலில் அந்தச் சலுகை கிடையாது. பாதம் புதைகிறது, மணல் விலகுகிறது; ஊன்றிய ஆற்றல் மணலை நகர்த்துவதிலேயே கரைகிறது. கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும் ஒவ்வோர் அடிக்கும் புதிதாக உழைக்க வேண்டும். கணுக்காலைத் தடுமாறாமல் பிடிக்கும் சிறு தசைகளுக்கும் ஓய்வில்லை.

பெல்ஜிய ஆய்வாளர்கள் 1998இல் இதை அளந்தார்கள். அதே வேகத்தில் நடக்க, கெட்டித் தரையைவிட மணலில் 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவானது. ஓட்டத்துக்கு 1.6 மடங்கு.

அலை நனைத்த ஓரம் மட்டும் ஏன் இறுக்கம்? மணிகளுக்கு இடையே தங்கிய நீரின் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அங்கேயே நடக்கட்டும். கால் பழகியபின் உலர்மணலுக்கு ஏறலாம். எவ்வளவு நேரம் நடப்பது? வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு வளர்ந்தவர்களுக்கு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நீரிழிவால் பாத உணர்வு மங்கியவர்கள் தயவுசெய்து வெறுங்காலோடு இறங்க வேண்டாம். சிப்பி கீறினாலும் தெரியாது, புண்ணும் எளிதில் ஆறாது. மூடிய சப்பாத்துப் போட்டு நடங்கள். வீடு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.