ஒளி குறைந்தால் நோய்

பொம்பே நோய், அதன் கடுமையான வடிவில், பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையின் இதயத்தையும் தசைகளையும் தாக்கும் அரிய மரபு நோய். செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற நுண்பைகளில் கிளைகோஜனை உடைத்து குளுக்கோஸாக்குவது அமில ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் என்ற நொதியின் வேலை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குழந்தைக்கு அந்த நொதி போதிய அளவில் சுரப்பதில்லை. உடைபடாத கிளைகோஜன் தேங்கத் தேங்க இதயம் வீங்குகிறது, கழுத்து நிற்பதில்லை, பால் குடிக்கவே குழந்தை திணறுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை.

நெதர்லாந்து மருத்துவர் பொம்பே 1932இல் ஏழு மாதக் குழந்தை ஒன்றிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். நொதிக் குறைவுதான் காரணம் என்று பெல்ஜியத்தின் ஹெர்ஸ் 1963இல் நிறுவினார்.

நொதியைக் கண்ணால் பார்க்க முடியாது. அது செய்யும் வேலையைத்தான் அளக்க முடியும். அதற்கென ஒளிரும் வேதிப்பொருள் ஒன்றோடு குளுக்கோஸைப் பிணைத்த செயற்கை மூலக்கூறு இருக்கிறது. பிணைந்திருக்கும்வரை அது ஒளிராது. நொதி குளுக்கோஸை வெட்டி விட்டால், விடுபட்ட பொருள் புற ஊதாக் கதிர் பட்டதும் நீலமாக ஒளிரும். லைசோசோமின் உட்சூழலை ஒட்டி, அமிலக் கரைசலில், 37 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, காரக் கரைசல் ஊற்றி வினையை நிறுத்துகிறார்கள். ஒளி மங்கலாக இருந்தால் நொதி குறைவு.

கேட்பதற்கு எளிது. ஆனால் இரத்தத்தில் இதைச் செய்வது நெடுங்காலம் கைகூடவில்லை. வெள்ளணுக்களில் உள்ள மால்டேஸ் குளுக்கோஅமைலேஸ் என்ற வேறொரு நொதியும் அதே அமிலச் சூழலில் அதே மூலக்கூறை வெட்டும். நோயுள்ள குழந்தையின் இரத்தமும் ஒளிர்ந்து, நோயை மறைத்துவிடும். எனவே தோல் துணுக்கை எடுத்து வாரக்கணக்கில் செல்களை வளர்த்துச் சோதித்தார்கள். அல்லது தசைத் துணுக்கை வெட்டினார்கள். இதயம் வீங்கிய குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே ஆபத்து. வழி திறந்தது அகார்போஸ். நீரிழிவுக்காரர்கள் சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரையில் இருக்கும் அதே மருந்துதான். சரியான அளவில் சேர்த்தால் இடையூறான நொதியை முடக்கி, அளக்க வேண்டிய நொதியைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். பெரிய கருவி எதுவும் தராத விடையை இந்த மருந்து தந்தது.

இன்று குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தம் போதும். வடிதாளில் உலர்த்தி, அதிலிருந்து 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத்தைத் துளைத்தெடுக்கிறார்கள். ஈரத்தோடு உறையில் போட்டாலோ வெயிலில் காய வைத்தாலோ நொதி அழிந்து, நல்ல குழந்தைக்கும் நோய் இருப்பதாகக் காட்டும். அதனால் அதே பொட்டில் வேறொரு நொதியையும் அளப்பார்கள். இரண்டுமே குறைந்திருந்தால் மாதிரி கெட்டுவிட்டது. மறுபடி இரத்தம் எடுக்க வேண்டும்.

நொதி குறைவாக இருந்தும் நோயே வராதவர்களும் உண்டு. கிழக்காசியர்களிடம் இது அதிகம். பழுதான மரபணு ஒன்றை மட்டும் சுமக்கும் பெற்றோரையும் நொதி அளவு திட்டமாகக் காட்டாது. இரண்டுக்கும் மரபணுச் சோதனை தேவை.

பிறந்த குழந்தைகளிடம் இந்த நொதிச் சோதனையைத் தைவான் 2005இல் தொடங்கியது. குறைந்த நொதியை ஊசி வழியாக ஈடுசெய்யும் மருந்து 2006இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. தசை சிதைந்த பிறகு அந்த மருந்தால் அதிகம் மீட்க முடியாது. இதயம் வீங்கி, உடல் தளர்ந்து வரும் கைக்குழந்தையின் இரத்தப் பொட்டை மருத்துவர்கள் அன்றே சோதனைக்கு அனுப்பிவிட வேண்டும்.