இறங்க வேண்டிய விமானம் இன்னும் மேலேயே இருந்தால்

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் நோட். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற ஒரு தம்பி அனுப்பியிருந்தார். "அண்ணா, நைட் ஷிஃப்ட் பிரேக்ல வெளிய வந்து நின்னா தலைக்கு மேல பிளேன் போகுது. இறங்குற பிளேன் தேவைக்கு மேல உயரத்துல இருந்துச்சுன்னா மூக்கைக் கீழ அழுத்தினா போதாதா? இதுல என்ன கஷ்டம்?"

நானும் அதே ஏரியாக்காரன்தான். விமானி இல்லை, விபத்து விசாரணை அறிக்கைகளை உட்கார்ந்து படிக்கிற ஆள், அவ்வளவுதான். தம்பியோட கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் அதற்கான பதிலில் 158 உயிர்கள் இருக்கின்றன. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு.

டெல்லியில் இருந்து சென்னைக்கு ஒரு விமானம் 37,000 அடியில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே இறங்க ஆரம்பிக்கணும்? விமானிகள் மனக்கணக்காகப் போடும் விதி ஒன்று உண்டு: 1,000 அடி இறங்க 3 நாட்டிகல் மைல் வேணும். 37,000 அடிக்கு 111 நாட்டிகல் மைல், அதாவது 205 கிலோமீட்டர். மேப்பில் நேர்கோடு போட்டால் மீனம்பாக்கத்தில் இருந்து நெல்லூரையும் தாண்டி வடக்கே, காவலி பக்கம் வரும். நாம சீட் பெல்ட்டைப் பற்றி யோசிக்கவே ஆரம்பிக்காத நேரத்தில், காக்பிட்டில் லேண்டிங் வேலை தொடங்கிவிடுகிறது.

வேகத்தைக் குறைக்கவும் தனியாகத் தூரம் வேணும். சமமாகப் பறக்கும்போது 10 நாட் வேகம் குறைய ஏறக்குறைய 1 மைல். 250 நாட்டில் இருந்து 150க்கு வர 10 மைல் தனியாக ஒதுக்கணும்.

கும்மிடிப்பூண்டிக்கும் மீனம்பாக்கம் ஓடுபாதைக்கும் இடையில் வான்வழித் தூரம் சுமார் 25 நாட்டிகல் மைல். நேரா போய் இறங்குற மாதிரி இருந்தா, நம்ம சிப்காட் மேல வரும்போது விமானம் 8,300 அடி வாக்கில் இருக்கணும். நிஜத்தில் சென்னையின் பெரிய ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால், வடக்கில் இருந்து வரும் விமானம் சுற்றிப் போய்த்தான் திரும்பணும். தூரம் கூடும், அதனால் அது நம்ம மேல இன்னும் கொஞ்சம் உயரத்திலேயே போகலாம். இந்த 25 மைலை மட்டும் நினைவில் வச்சுக்கோங்க.

இப்போ மூக்கைக் கீழே அழுத்துற விஷயம். ஜிஎன்டி ரோட்டில் இரும்புக் கம்பி ஏற்றின டிரெய்லர் ஒன்று மேம்பாலத்தில் இறங்குவதைப் பாருங்க. இறக்கத்தில் வண்டி தானாகவே வேகம் பிடிக்கும். டிரைவர் பிரேக்கை மிதிப்பார், சரியாப் போயிடும். விமானத்திலும் பிரேக் இருக்கு, ஆனா சக்கரத்தில். சக்கரம் தரையில் படுற வரைக்கும் அதுக்கு வேலை இல்லை. மேலே இருந்து செங்குத்தாக இறங்கினால் உயரம் வேகமாக மாறும், காணாமல் போகாது. அந்த வேகத்தோடு ஓடுபாதைக்கு வந்தால் விமானம் தரையைத் தொடாமல் மிதந்துகொண்டே போகும். இன்ஜினை ஐடிலில் வைத்தாச்சு, இதுக்கு மேல குறைக்க ஒண்ணும் இல்லை. இறங்கவும் செய்யணும், வேகமும் குறையணும் என்றால், இரண்டும் ஒண்ணா நடக்காது. ஜெட் விமானத்தின் இறக்கை அவ்வளவு வழுவழுப்பாகச் செய்யப்பட்டிருக்கு. எரிபொருளை மிச்சம் பண்ணும் அதே வடிவம் இங்கே எதிராளி ஆகிவிடுகிறது.

அப்போ விமானி கையில் என்னதான் இருக்கு?

முதலில் ஸ்பீட் பிரேக். ஜன்னல் சீட்டில், இறக்கைக்குப் பின்னாடி உட்கார்ந்தவங்க பார்த்திருப்பீங்க. இறக்கை மேல சில தகடுகள் எழுந்து நிற்கும், கேபினில் லேசா ஒரு அதிர்வு வரும். பயப்பட ஒண்ணும் இல்லை, உயரத்தைக் கரைக்கிறார்கள். இது வேகமாகப் பறக்கும்போது நல்லா வேலை செய்யும். மெதுவாகப் போகும்போது பலன் குறைவு. அதனால் தூரத்தில் இருக்கும்போதே உயரம் அதிகம் என்று தெரிந்தால், வேகத்தை விடாமல் வச்சு, ஸ்பீட் பிரேக் போட்டு இறங்குவார்கள். 737-800 ரகத்தில் தரையில் இருந்து 1,000 அடிக்குக் கீழே பறக்கும்போது இதைப் பயன்படுத்தக் கூடாது.

கிட்ட வந்துட்டா கணக்கு மாறுது. வேகத்தைக் குறைத்து, லேண்டிங் கியரைச் சீக்கிரமே இறக்கி, ஃபிளாப்பை விரிக்கணும். சக்கரமும் அதன் கால்களும் காற்றில் தொங்குவது பெரிய இழுவை. மெதுவாக, எல்லாத்தையும் விரிச்சுப் போட்டுப் பறக்கிற விமானம்தான் ஒரு மைலுக்கு அதிக உயரத்தை இழக்கும்.

மூணாவது, எனக்குப் பிடிச்சது: தூரம் கேட்பது. "இன்னும் ஒரு பத்து மைல் சுத்த விடுங்க" என்று கன்ட்ரோலரிடம் கேட்டால் போதும். கூச்சப்பட ஒண்ணும் இல்லை. சென்னையிலேயே இதற்கான தேவை வரலாம். மும்பையில் இருந்து வர்றவர் கடலுக்கு மேல சுற்றி வந்து மேற்கு நோக்கி இறங்கத் திட்டம் போட்டிருப்பார். மதியம் கடல்காற்று எழுந்ததும், காற்றை எதிர்கொண்டு இறங்குற மாதிரி ஓடுபாதையின் திசையை மாற்றி, நேரே கிழக்கு நோக்கி வரச் சொன்னால்? பறக்க வேண்டிய தூரத்தில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகும். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனால் அந்த நொடியில் இருந்து அவர் உயரம் அதிகம்.

நாலாவது, கோ-அரவுண்ட். இன்ஜினைக் கூட்டி, மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி முதலில் இருந்து தொடங்குவது. இனி மங்களூர் கதை.

2010 மே 22, விடிகாலை. துபாயில் இருந்து மங்களூருக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737-800. உள்ளே 166 பேர். கேப்டன் செர்பியாவைச் சேர்ந்த ஸ்லாட்கோ க்ளூஷிட்சா, 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். கோ-பைலட் ஹர்பிந்தர் சிங் அலுவாலியா. காக்பிட் ஒலிப்பதிவு மொத்தம் 2 மணி 5 நிமிடம். அதில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது.

மங்களூர் ரேடார் அப்போது வேலை செய்யவில்லை. 130 மைல் தூரத்தில் கோ-பைலட் இறங்க அனுமதி கேட்டார். மற்ற விமானங்களோடு இடைவெளி வேணும் என்று கன்ட்ரோலர் மறுத்தார். கடைசியில் இறங்க ஆரம்பித்தது 77 மைலில். நம்ம ஊர்க் கணக்கில், காவலியில் தொடங்க வேண்டியது நெல்லூரையும் தாண்டி, கூடூரை நெருங்கும்போது தொடங்கியது. 25 மைலில், அதாவது நம்ம சிப்காட் தூரத்தில், உயரம் 18,400 அடி.

ஆனா தாமதமாகத் தொடங்கியது மட்டுமே விமானத்தைக் கவிழ்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் நேராக வரவில்லை. 10 மைல் தூரத்தில் ஒரு வில் மாதிரி வளைந்து வந்து சேரும் பாதை அது. கூடுதல் தூரம் இருந்தது. கேட்டிருந்தால் இன்னும் ஒரு சுற்றும் கிடைத்திருக்கும். கேப்டனுக்கும் உயரம் அதிகம் என்று புரிந்திருக்கு: 8,500 அடியிலேயே லேண்டிங் கியரை இறக்கினார், ஸ்பீட் பிரேக்கும் போட்டிருந்தார். அதாவது நான் மேலே சொன்ன கருவிகளை எல்லாம் எடுத்தார், தூரத்தை மட்டும் கேட்கவில்லை.

அடுத்தது ஐஎல்எஸ். ஓடுபாதையில் இருந்து சாய்வாக மேலே வரும் ரேடியோ கதிர். 3 டிகிரி சாய்வில் அதைப் பிடித்து வந்தால் சரியான இடத்தில் இறக்கிவிடும். ஆனால் அந்தச் சரியான கதிருக்கு மேலே, இன்னும் செங்குத்தாகப் பொய்க் கதிர்களும் உண்டு. அதனால்தான் எப்போதும் கீழே இருந்து வந்து பிடிக்கணும் என்பது விதி. இவர்கள் மேலே இருந்து வந்தார்கள். இருக்க வேண்டியதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம்.

காலை 6:03. ஓடுபாதைக்கு இன்னும் 2.5 மைல். ரேடியோ ஆல்டிமீட்டர் 2,500 அடி என்று சொன்னது. வழக்கமான சாய்வில் ஓடுபாதைக்கு மேல 800 அடிதான் இருக்கும் இடம் அது. கோ-பைலட், உயரம் ரொம்ப அதிகம், ஓடுபாதை நேர் கீழே இருக்கிறது என்றார். கேப்டன் ஆட்டோபைலட்டை நிறுத்திவிட்டு மூக்கைக் கீழே அழுத்தினார். தம்பி, நீங்க கேட்ட அதே வேலை.

இறங்கிய வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 அடி. சாதாரணமாக 700, 750 இருக்கும். 4,000 என்றால் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல், கீழ் நோக்கி. எச்சரிக்கைக் கருவி மேலே இழு என்று கத்திக்கொண்டே இருக்கிறது. கோ-பைலட் கோ-அரவுண்ட் போகலாமா என்று கேட்கிறார். பிறகு இரண்டாம் முறை சொல்கிறார்.

ஓடுபாதையின் முனையை 50 அடியில், 144 நாட்டில் கடக்கணும். அவர்கள் 200 அடியில், 160 நாட்டுக்கு மேல் கடந்தார்கள். 3 டிகிரி சாய்வில் கூடுதல் 150 அடி என்பது தரையில் கிட்டத்தட்ட 2,900 அடி. வேகத்தில் 16 நாட் சின்னதாகத் தெரியும். ஆனா வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் ஆற்றல் கூடும் என்பதால், பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 23 சதவீதம் அதிகம். மேலே மிச்சம் இருந்த உயரம் கடைசியில் எங்கே போனது என்று இப்போ தெரியுதா? ஓடுபாதையைத் தின்றது. 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் பதிந்தது. அதற்குச் சற்று முன்னால் மூன்றாம் முறையாகக் கோ-பைலட்: கோ-அரவுண்ட் கேப்டன், நமக்கு ஓடுபாதை மிச்சம் இல்லை.

இறங்கி, ரிவர்ஸ் த்ரஸ்ட் போட்டு, பிரேக் பிடித்த 6 நொடிக்குள் கேப்டன் கோ-அரவுண்டுக்கு முயன்றார். ரிவர்ஸ் போட்ட பிறகு அது கூடவே கூடாது. மங்களூர் ஓடுபாதை மலை உச்சியைச் சமன் செய்து கட்டியது. விமானம் முனையைத் தாண்டி ஆன்டெனா கட்டமைப்பில் இறக்கை மோதி, வேலியை உடைத்துப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள்.

என்னை உறுத்துவது அந்த மூணு குரல்கள்தான். கோ-பைலட்டுக்கு முன்னாலும் கன்ட்ரோல் இருந்தது. ஆனால் அவர் சொன்னாரே தவிர, கையை வைக்கவில்லை. சிப்காட்டில் வேலை செய்றவங்களுக்கு இது புதுசாத் தெரியாது. கிரேன் ஹூக் சரியா மாட்டலைன்னு ஹெல்ப்பர் பார்க்கிறான். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் கைக்கு எட்டுற தூரம். ஆனா "சார், கொஞ்சம் பாருங்க சார்" என்றுதான் வாய் வரும், கை போகாது. சீனியர் கோபப்படுவாரா, லைன் நின்னா யார் பதில் சொல்றது என்று ஒரு வினாடி ஓடும். விமானத்தில் அந்த ஒரு வினாடி சுமார் 75 மீட்டர்.

அதனால்தான் விமானத் துறையில் நிலையான அணுகுமுறை என்று ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். 1,000 அடிக்கு வரும்போது, பார்வை நன்றாக இருந்தால் 500 அடிக்கு, எல்லாம் சரியாக இருக்கணும்: வேகம், சாய்வு, ஃபிளாப், கியர், நிமிடத்துக்கு 1,000 அடிக்குள் இறக்கம். ஒன்று தவறினாலும் கோ-அரவுண்ட். எழுதி வைத்த எண் ஒன்று இருந்தால், ஜூனியர் தன் கேப்டனோடு சண்டை போட வேண்டியதில்லை. எண்ணைக் காட்டினால் போதும். இருந்தும் ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்கிற சர்வதேச அமைப்பு ஆராய்ந்தபோது, நிலையற்ற அணுகுமுறைகளில் சுமார் 3 சதவீதத்தில்தான் விமானிகள் கோ-அரவுண்ட் போகிறார்கள் என்று கண்டது. மத்தவங்க எல்லாம் இறங்கிடுறாங்க, பெரும்பாலும் ஒண்ணும் ஆகறதில்லை. அந்த 'ஒண்ணும் ஆகலை'தான் அடுத்த முறைக்குத் தைரியம் கொடுக்குது.

ஆக, தம்பிக்குப் பதில்: அழுத்தலாம், இறங்கும். ஆனா எங்கே போய் நிற்கும்ங்கறதுதான் கேள்வி.

கடைசியா ஒண்ணு. சென்னையில் இறங்கப் போகிற விமானம் திடீர்னு இன்ஜின் உறும மேலே ஏறினால், பக்கத்து சீட்டில் யாராவது சாமி கும்பிட ஆரம்பிப்பாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க: உள்ளே யாரோ ஒருத்தர் சரியான நேரத்தில் சரியான வேலையைச் செய்திருக்கார். ஒரு சுற்று சுற்றி வந்து இறங்குவோம், கால் மணி நேரம் லேட் ஆகும். கனெக்‌ஷன் பஸ் போனால் போகட்டும்.

அடுத்த எபிசோட் பொய்க் கதிர் எப்படி உருவாகுது என்பதைப் பற்றி. ஆன்டெனா படம் வரைஞ்சு வச்சிருக்கேன். வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஷிஃப்ட் முடிஞ்சு கேட்டுடுறேன்.