உங்களுக்குத் தெரியுமா? வரைபடத்தில் ஒரு நிலப்பரப்பையே சேர்த்தவர், நாடிழந்து இறந்தார்

உலக வரைபடத்தில் கடைசியாகச் சேர்ந்த பெரிய நிலப்பரப்பு 1913-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது! கண்டவர் ரஷ்யப் பேரரசின் கடற்படை அதிகாரி போரிஸ் வில்கீட்ஸ்கி. வயது 28. போர்ட் ஆர்தர் முற்றுகையில் படுகாயமுற்றவர். தலைவர் நோயுற்றதால் ஆர்க்டிக் பயணப் பொறுப்பு திடீரென இவர் கைக்கு வந்தது. சைபீரியாவின் வடமுனையான செல்யூஸ்கின் முனை அருகே பனிக்கட்டி வழிமறிக்க, ‘தைமிர்’, ‘வைகாச்’ கப்பல்கள் வடக்கே சுற்றிப் போயின. அங்கே மலைகளோடு எழுந்து நின்றது ஒரு தீவுக்கூட்டம். ஏறத்தாழ 37,000 சதுர கி.மீ., இலங்கையில் பாதிக்கும் மேல்! ஜார் மன்னரின் பெயரைச் சூட்டினார்கள். 1926-இல் சோவியத் அரசு அதை ‘செவர்னயா செம்ல்யா’ (வட நிலம்) என மாற்றியது.

அதைவிடப் பெரிய சாதனை அடுத்து வந்தது. 1914-இல் விளாடிவாஸ்டாக்கில் புறப்பட்டு, நடுவழியில் பனியில் சிக்கி, மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத குளிர்காலத்தைத் தாண்டி, 1915-இல் ஆர்க்காங்கெல்ஸ்க் சேர்ந்தார். கிழக்கிலிருந்து மேற்காக வடகடல் வழியை முழுதும் கடந்த முதல் பயணம் அதுவே.

ரஷ்யப் புரட்சிக்குப் பின், 1920-இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பனிக்கடலை அளந்தவர், பிழைப்புக்காக பெல்ஜியன் காங்கோவில் நீரளவைப் பணி பார்த்தார். 1961-இல் பிரஸ்ஸல்ஸில் காலமானார். 1996-இல்தான் அவர் உடலெச்சம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பி, அந்த மண்ணில் அடக்கமானது.