‘சுட்டுக் கொல்லப்பட்டார்’: ‘ஆல்’ எங்கே போனது?

செயப்பாட்டு வினை நடத்தும்போது "வீடு கட்டப்பட்டது", "மரம் வெட்டப்பட்டது" என்றுதான் நாம் எடுத்துக்காட்டு தருவோம். மாணவர்கள் வெளியே படிப்பது வேற. "போலீஸாருடன் நடந்த மோதலில் இரண்டு ஆடவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்." நாளிதழில் வரும், வாட்சப்பில் சுற்றும், மறுநாள் வகுப்புக்கும் வந்துவிடும். "சார், போலீஸ் சுட்டா கேஸே கிடையாதா?" என்று ஒருவன் கேட்பான். பின்வரிசையிலிருந்து இன்னொருவன், "ரவுடிதானே, விடுடா" என்பான்.

இரண்டு பேருக்கும் ஆசிரியர் ஏதாவது சொல்லியாகணும். "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்று தாண்டிப் போனால் பதிலை டிக்டாக் சொல்லிக் கொடுத்துவிடும். அதனால் நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில், போலீஸுக்குச் சுட உரிமையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கைது செய்யப் போகும்போது ஒருவர் பலவந்தமாக எதிர்த்தால் தேவையான வழிகளையெல்லாம் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் அதே பிரிவு கீழேயே ஒரு வேலி போடுகிறது. மரண தண்டனையோ ஆயுள் அளவிலான நீண்ட சிறையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணம் விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தராது. மோட்டார் சைக்கிள் திருடியவன் ஓடினால் துரத்தலாம், மடக்கலாம். ஓடுகிறான் என்பதற்காக உயிரை எடுக்க முடியாது.

அடுத்தது தற்காப்பு. தண்டனைச் சட்டத்தின் 96ஆவது பிரிவிலிருந்து இது வருகிறது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான் போலீஸ்காரருக்கும். பாராங்கோடு ஒருவன் பாய்ந்து வந்தால் அவர் சுடலாம். அவரும் வீடு திரும்ப வேண்டியவர்தானே. ஆனால் காத்துக்கொள்ளத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடாது என்று 99ஆவது பிரிவு சொல்கிறது.

பின்வரிசை மாணவனுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. செத்தவர் மேல் பழைய வழக்கு எத்தனை என்பது செய்தியில் தவறாமல் வரும். அந்த எண்ணிக்கை சட்டத்தின் கேள்விக்குப் பதில் ஆகாது. சட்டம் கேட்பது அந்த நொடியைப் பற்றி: எதிரே என்ன ஆபத்து இருந்தது, அதைத் தடுக்க இவ்வளவு தேவைப்பட்டதா? பத்து வழக்கு உள்ளவனானாலும் தண்டனை சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கே, அப்புறம் ஏன் வழக்கு வருவதில்லை? கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏன்னா சிக்கல் இதற்குப் பிறகுதான்.

சுட்ட பிறகு விசாரிப்பது யார்? போலீஸ்தான். பெரும்பாலும் எந்தப் பிரிவில் கோப்பு திறக்கிறார்கள் தெரியுமா? 307, கொலை முயற்சி. அதாவது இறந்தவர் போலீஸைக் கொல்ல முயன்றார் என்ற வழக்கு. உயிரோடு இல்லாதவர் சந்தேக நபர், சுட்டவர் புகார்தாரர். விசாரணை அறிக்கை சட்டத்துறைத் தலைவரிடம் போகும். குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்ற அதிகாரத்தைக் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) அவருடைய விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது.

இன்னொரு வேறுபாடு பலருக்குத் தெரியாது. தடுப்புக் காவலில் ஒருவர் இறந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334ஆவது பிரிவின்படி மரண விசாரணை நடத்தியே ஆக வேண்டும். எப்போது, எங்கே, எப்படி இறந்தார், அதில் யாருக்காவது குற்றப் பொறுப்பு உண்டா என்றெல்லாம் நீதிமன்றம் கேட்கும். தெருவில், செம்பனைத் தோட்டத்தில், நெடுஞ்சாலை ஓரத்தில் சுடப்பட்டவர் ‘காவலில்’ இல்லை. அங்கே அந்தக் கட்டாயம் கிடையாது. மரணக் காரணம் பற்றி மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் விசாரணை இல்லாமலேயே அறிக்கை கொடுத்து முடிக்கலாம். குண்டு பாய்ந்து இறந்தவருக்கு மரணக் காரணம் குண்டுதான், அதில் என்ன சந்தேகம்! யார், ஏன் சுட்டார் என்ற கேள்வி அதோடு அமுங்கிப் போகலாம். சட்டத்துறைத் தலைவர் உத்தரவிட்டால் விசாரணை நடக்கும். மறுபடியும் அதே மேசைக்கே வந்து நிற்கிறோம்.

வழக்கு நீதிமன்றம் போனதே இல்லையா என்றால், போயிருக்கிறது. 2010 ஏப்ரல் 26, விடியற்காலை, ஷா ஆலாம். 14 வயது அமினுல்ராஷிட் அக்காவின் காரை ஓட்டிக்கொண்டு போனபோது போலீஸ் துரத்திச் சுட்டதில் இறந்தான். காரைப் பின்னால் எடுத்துப் போலீஸாரை மோத வந்ததாக முதலில் சொல்லப்பட்டது. காரில் கூட இருந்த நண்பன் அதை மறுத்தான். நாடே கொதித்தது. ஒரு போலீஸ்காரர் மேல் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றச்சாட்டு வந்தது. 2011 செப்டம்பரில் செஷன்ஸ் நீதிமன்றம் ஐந்து ஆண்டு சிறை விதித்தது. 2012 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நண்பனும் அன்றிரவு இறந்திருந்தால் வழக்கு இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தடுப்புக் காவல் பக்கம், நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் குகன். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்தபோது இறந்த 22 வயது இளைஞர். நுரையீரலில் நீர் கோத்ததாக முதல் சவப்பரிசோதனை சொன்னது. குடும்பம் கேட்டு நடந்த இரண்டாவது பரிசோதனையில் 45 வகை வெளிக்காயங்கள் பதிவாயின. சட்டத்துறைத் தலைவர் தொடக்கத்தில் இதைக் கொலை என்று வகைப்படுத்தினார். கடைசியில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரே ஒரு கான்ஸ்டபிள், அதுவும் காயம் விளைவித்த குற்றத்துக்கு. கிடைத்தது மூன்று ஆண்டு சிறை. 45 வகைக் காயத்தையும் ஒரு ஆளே செய்தாரா என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

குகனின் தாயார் சிவில் வழக்குப் போட்டு 2013இல் ஜெயித்தார். எட்டு லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனா இந்த வழியிலும் மேடு பள்ளம் நிறைய. பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதத்துக்குள் வழக்குப் போடச் சொல்கிறது. அரசாங்கத்தைப் பொறுப்பாக்க வேண்டுமானால் தவறு செய்த அதிகாரி யார் என்று அடையாளம் காட்ட வேண்டும். இறந்தவர் சொல்ல முடியாது, போலீஸ் சொல்லாது, குடும்பம் எங்கே போய்க் கண்டுபிடிக்கும்? இன்னொன்றும் உண்டு. அதிகார மீறலைத் தண்டிக்கும் விதமாக நீதிமன்றம் கொடுக்கும் கூடுதல் இழப்பீட்டை, இறந்தவர் சார்பில் போடும் வழக்கில் கேட்க முடியாது என்கிறது சிவில் சட்டம் 1956இன் 8(2)ஆவது பிரிவு. கூட்டரசு நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. அடிபட்டு உயிர் பிழைத்தவர் கேட்கலாம்; செத்துப் போனவருக்காகக் கேட்க முடியாது.

வெளியிலிருந்து கேள்வி கேட்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது புதுக் கோரிக்கை இல்லை. துன் சைடின் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் 2005இல் 125 பரிந்துரைகள் கொடுத்தது. அதில் முக்கியமானது ஐபிசிஎம்சி என்ற சுதந்திர ஆணையம். முதலில் வந்தது இஏஐசி, பல அமலாக்கத் துறைகளையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு. 2019இல் ஐபிசிஎம்சி மசோதா நாடாளுமன்றம் வரை வந்து நின்றுபோனது. 2022இல் நிறைவேறி 2023 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது ஐபிசிசி. பெயரில் ஓர் எழுத்துதான் குறைந்தது. இந்த ஆணையம் விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கைக்கான பரிந்துரை போலீஸ் படை ஆணையத்துக்குப் போகும். அரசியலமைப்பின் 140ஆவது பிரிவின்படி அதன் தலைவர் போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர், தேசிய போலீஸ் படைத் தலைவர் அதில் உறுப்பினர்.

இனி வகுப்புக்கு. "கொல்லப்பட்டார்" என்பதில் எழுவாய் இறந்தவர்தான். இலக்கணத்தில் பிழை இல்லை. செய்தவரைக் காட்டுவது மூன்றாம் வேற்றுமை உருபு ‘ஆல்’. செயப்பாட்டு வினையில் அதை விட்டுவிடலாம், வாக்கியம் நிற்கும். செய்தி வாக்கியமும் அப்படித்தான் நிற்கிறது. மாணவர்களிடம் ஒரு பழைய செய்தியைக் கொடுத்து வினைமுற்றுகளுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். எந்த வினைக்குச் செய்தவர் தெரிகிறார், எதற்குத் தெரியவில்லை என்று பிரிக்கட்டும். பிறகு "சுட்டதாக", "மோத வந்ததாக" என்று முடியும் இடங்களைத் தேடச் சொல்லுங்கள். அந்தத் ‘தாக’ யாரோ சொன்னது என்பதன் அடையாளம். யார் சொன்னது, மற்ற தரப்பு எந்தப் பத்தியில் வருகிறது, வருகிறதா? நாற்பது நிமிடப் பாடத்துக்கு இது தாராளமாகப் போதும். அதற்கு மேல் சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம்.

செய்தியைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனம். வகுப்பில் போலீஸ்காரர் பிள்ளை இருக்கலாம். அண்ணனோ மாமாவோ காவலில் இருந்து வந்த வீட்டுப் பிள்ளையும் இருக்கலாம், அது நமக்குத் தெரியவே தெரியாமல் போகலாம். நடந்துகொண்டிருக்கும் வழக்கை விடுங்கள். ஷா ஆலாம் வழக்கை எடுங்கள். இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொன்ன வழக்கு, அதனால் வகுப்பில் இரண்டு பக்கமும் பேச ஆள் கிடைக்கும்.