கோர்ட் கட்டணம் எங்கே போகிறது?

“மஞ்சள் வாங்கிய வியாபாரி 5 லட்சம் பாக்கி வைத்திருக்கிறார். வழக்குப் போட எவ்வளவு கட்டணம்?” என்று ஈரோடு பக்கத்து வாசகர் கேட்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் 3 சதவிகிதம். உங்களுக்கு 15,000 ரூபாய். 2017 மார்ச்சுக்கு முன் 7.5 சதவிகிதம், 37,500 ரூபாய் ஆகியிருக்கும்.

நகல் தாமதம், சம்மன் கொண்டுபோக அமீனா இல்லை. ‘கட்டணத்தைக் கூட்டினால் ஆள் போடலாமே’ என்பார்கள். நாம் கட்டும் பணம் அந்தக் கோர்ட் அலுவலகத்துக்குப் போவதில்லை, அரசு கஜானாவுக்குப் போகிறது. ஆள் போடுவது பட்ஜெட் ஒதுக்கீட்டைப் பொறுத்தது. இது வரியல்ல, சிவில் நீதிமன்றச் செலவோடு பொருந்த வேண்டிய கட்டணம் என்று நம் மாநிலச் சட்டம் பற்றிய வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. அப்படியானால், ஏற்றுவதற்கு முன் வரவையும் செலவையும் காட்டட்டும். 7.5 வாங்கிய காலத்திலும் நகலுக்கு நடையாய் நடந்தவர்கள்தானே நாம்!

வழக்கு நடக்கும்போதே வியாபாரி சமரசத்துக்கு வந்தால் விடாதீர்கள். கோர்ட்டுக்கு வெளியே பேசி முடித்தாலும், கோர்ட்டில் தெரிவித்துக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2021-ல் சுப்ரீம் கோர்ட் இதை உறுதி செய்தது. தவணை எதுவும் பேசாமல் கொடுத்த சரக்கென்றால், கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எடைச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.